அகராதி பிடித்தவன்!

'அவனா? சரியான அகராதி பிடிச்சவன்!' என்று திமிர் பிடித்தவர்களைத்தான் நம் ஊரில் சொல்வார்கள். நான் நிஜமாகவே பிடித்தவன். எழுத உட்கார்ந்தால் பக்கத்தில் அகராதி வேண்டும்.

பி.காம். படித்தவனுக்குப் பற்று, வரவு போதாதா என்கிறீர்களா? போதாது ஸார்! பக்கத்து வீட்டு அக்கா, சிநேகிதிக்குக் கொடுத்த ஐயாயிரத்தைக் கேட்டு லெட்டர் எழுதச் சொன்னார்.

"பணமும் வரணும் தம்பி, சிநேகிதமும் போகக்கூடாது!"

'கடன்' என்று எழுதினால் வட்டிக்கடைக்காரர் வாசலில் நிற்பது போலிருக்கும். 'உதவி' என்றால் திருப்பித் தரவே வேண்டாம்! பாட்டி சொல்லும் 'கைமாற்று' ஞாபகம் வந்தது. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் திரும்பி வரவேண்டும். அகராதியில் சரிபார்த்து எழுதினேன். பத்தே நாளில் பணம் வந்தது. சிநேகிதியும் கூடவே வந்து காபி சாப்பிட்டுப் போனார்.

சொல் ஞாபகம் வராவிட்டால்? அகராதியில் சொல் தெரிந்தால்தான் பொருள் கிடைக்கும். பொருள் தெரிந்து சொல்லைத் தேடுகிறவர்களுக்குத்தான் திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள். ஆங்கிலத்தில் ரோஜட்டின் தெசாரஸ் வந்தது 1852-ல். நம்மவர்கள் பல நூற்றாண்டு முன்பே சொற்களைப் பொருள்வாரியாக அடுக்கி, மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளாக்கிவிட்டார்கள். வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) பெயர், பொருள் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதியே உண்டு.

அதற்காக நிகண்டுச் சொல்லை அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்குப் புழங்குகிறதா என்று க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் (1992, விரிவான பதிப்புகள் 2008, 2020) உதாரண வாக்கியத்தோடு ஒத்துப் பாருங்கள்.

சரியான சொல்லுக்குச் செலவு ஐந்து நிமிஷம். தப்பான சொல்லுக்குத்தான் வட்டி கட்டவேண்டும்!