கடை திறந்ததும் கணிப்பொறியும் தயாராக இருக்க வேண்டும்



காலையில் கடைக் கதவைத் தூக்கியதும் நாம் செய்யும் வேலைகளுக்கு யாரும் பட்டியல் எழுதித் தருவதில்லை. வாசல் தெளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, தராசைத் தொட்டுக் கும்பிட்டு, கல்லாவில் சில்லறையை நிரப்பிவிட்டுத்தான் முதல் வியாபாரத்தைப் பார்க்கிறோம். கை பழகிய வரிசை அது. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணிப்பொறியைத் தயார் செய்யும் வரிசை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெரும்பாலும் பில் போடும் பையனுக்கு மட்டும்தான் தெரியும்.

இதை எங்கள் கடையிலேயே பட்டுத் தெரிந்துகொண்டோம். தீபாவளிக்கு முந்தைய நாள். பில் போடும் பையன் ஊருக்குப் போய்விட்டான். கணிப்பொறியைப் போட்டோம்; திரை வந்தது. எங்கள் மென்பொருளில் சரக்கு இருப்பையும் கணக்கையும் வைத்திருக்கும் நிரலை முதலில் திறக்க வேண்டும்; பிறகுதான் பில் நிரலைத் திறக்க வேண்டும். நாங்கள் பில் நிரலை முதலில் திறந்தோம். ஆங்கிலத்தில் ஏதோ பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் துண்டுச் சீட்டில் பில் எழுதினோம். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். இரவு சீட்டுகளைப் பதியும்போது சில காணவில்லை. இருப்புக் கணக்கும் உதைத்தது. மறுநாள் மென்பொருள் கொடுத்தவர் வந்து, கணிப்பொறியைப் போட்டதும் எல்லாம் தானாகத் திறக்கும்படி செய்துவிட்டுப் போனார். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை!

பழைய வசதிதான்

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கறுப்புத் திரையில் டாஸ் ஓடிய காலத்தில் கணிப்பொறி வைத்திருந்தவர்களுக்கு ‘ஆட்டோஎக்ஸெக்.பேட்’ என்ற கோப்பு நினைவிருக்கும். அதில் எழுதி வைத்த கட்டளைகளை இயந்திரம் விழித்ததும் வரிசையாக நிறைவேற்றும். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ‘ஸ்டார்ட்அப்’ என்ற தொகுப்பு இருந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95இல் அது ஸ்டார்ட் பட்டியலுக்குள் ஓர் உறையாக இடம் பிடித்தது. இன்றைய விண்டோஸ் 11 வரை அந்த உறை இருக்கிறது. நம் கண்ணில் படாமல் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

செய்யும் முறை

1. விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்திக்கொண்டு ‘ஆர்’ எழுத்தைத் தட்டுங்கள். ‘ரன்’ என்ற சிறு பெட்டி வரும்.

2. அதில் ஆங்கிலத்தில் ‘ஷெல்’ என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ‘ஸ்டார்ட்அப்’ என்று எழுதி எண்டர் தட்டுங்கள். உறை திறக்கும்.

3. திரையில் உள்ள பில் மென்பொருளின் சின்னத்தை வலப் பொத்தானால் சொடுக்கி ‘காப்பி’ செய்து, இந்த உறையில் ‘பேஸ்ட்’ செய்யுங்கள். சின்னத்தின் மூலையில் சிறிய அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அம்புக்குறி இருந்தால் அது குறுக்குவழி. அதைத்தான் வைக்க வேண்டும். மென்பொருளின் மூலக் கோப்பையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தால் அது ஓடாமல் போகலாம்.

4. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்துச் சோதியுங்கள். வேண்டாமென்றால் அந்தக் குறுக்குவழியை மட்டும் அழித்தால் போதும். மென்பொருளுக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் கடையைப் போல ஒன்று திறந்த பிறகே மற்றொன்று திறக்க வேண்டும் என்றால் இந்த உறை மட்டும் போதாது. அது வரிசை பார்க்காது. ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்ற வசதியில், உள்நுழைந்து ஒரு நிமிடம் கழித்துத் திற என்று தாமதம் வைக்கலாம். கணக்கு வைத்திருக்கும் நிரலை ‘சர்வீஸ்’ ஆக அமைத்துவிட்டால், கடவுச்சொல் கொடுப்பதற்கு முன்பே அது பின்னணியில் ஓடத் தொடங்கிவிடும். இதை மென்பொருள் கொடுத்தவரிடமே செய்து தரக் கேளுங்கள்.

அளவோடு வையுங்கள்

வசதி தெரிந்ததும் எல்லாவற்றையும் அதில் போடும் ஆசை வரும். பில் மென்பொருள், பிரதி எடுத்து வைக்கும் ‘பேக்கப்’ நிரல், வைரஸ் தடுப்பு ஆகியவை அவசியம். பாட்டு, படம், அரட்டைச் செயலிகள் வேண்டாம். ஒரே வாசலில் பத்து மூட்டையை ஒரே நேரத்தில் இறக்கினால் என்ன ஆகும்? கணிப்பொறியும் அப்படித்தான் திணறும்.

நாம் கேட்காமலே சில செயலிகள் தாமாக நுழைந்துகொள்வதும் உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் பட்டியல் தெரியும். எது எவ்வளவு சுமை என்பதும் தெரியும். வேண்டாததை வலப் பொத்தானால் சொடுக்கி ‘டிஸேபிள்’ கொடுங்கள். பெயர் புரியாததை விசாரிக்காமல் நிறுத்த வேண்டாம். அது பிரின்டருக்கோ மின்தராசுக்கோ உரியதாக இருக்கலாம்.

இங்கேதான் முக்கியமான எச்சரிக்கை. பழுது பார்க்கிறோம் என்று தொலைவிலிருந்தே நம் கணிப்பொறியை இயக்கும் செயலியைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்காமல் போகிறவர்கள் உண்டு. அது தினமும் காலையில் நம் கடையோடு சேர்ந்து திறந்துகொண்டால், நமது ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் இருக்கும் பெட்டிக்கு வேறொருவர் கையில் மாற்றுச் சாவி இருப்பது போலத்தான். கெடுதல் செய்யும் நிரல்களும் இதே வழியில் ஒளிந்துகொள்கின்றன. மாதம் ஒரு முறை இந்தப் பட்டியலைப் பாருங்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று கடவுச்சொல்லை எடுத்துவிடவும் வேண்டாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனத்துக்கு: அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாறுவது பற்றி மென்பொருள் கொடுத்தவருடன் பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இயந்திரம் தானாகத் திறக்கிறது என்பதற்காக நாம் அறியாமல் இருந்துவிடக் கூடாது. எது எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பதை ஓர் அட்டையில் எழிதாகப் புரியும்படி எழுதிக் கல்லாவுக்குள் ஒட்டி வையுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு நாள் காட்டிக் கொடுங்கள். பையன் ஊருக்குப் போகலாம். கடை நிற்கக் கூடாது.