முந்தி வரும் கிருபை

தமிழராய்ப் பிறந்த நாம் முயற்சியின் பெருமையைக் கேட்டே வளர்ந்தவர்கள். வள்ளுவப் பெருந்தகை ‘ஆள்வினையுடைமை’ என்று முயற்சிக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நான் படித்த காலத்தில் யூ.பி.எஸ்.ஆர். தொடங்கி எஸ்.டி.பி.எம். வரை வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பாடந்தான்: படித்தால் புள்ளி, புள்ளி இருந்தால் பல்கலைக்கழகம். அந்தப் பாடத்தில் பிழையில்லை. அதையே நான் கடவுளிடமும் கொண்டுபோனதுதான் பிழை.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். முதலாண்டில் விடுதிக்கு வந்ததும் ஒரு குறிப்பேடு வாங்கினேன். விடியற்கால ஜெபம், வேத வாசிப்பு, உபவாசம், கோபப்படாதிருத்தல் எனக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவில் கூட்டிப் பார்ப்பேன். புள்ளி கூடினால் மனத்தில் ஒரு செருக்கு; குறைந்தால் தேவாலயத்தில் தலைநிமிர முடியாத வெட்கம். ஒருநாள் என் அறைத்தோழி அதை எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் இந்து. கேலியாக அன்றி, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டாள்: “உங்க சாமியும் சி.ஜி.பி.ஏ. பார்ப்பாரா?”

சிரித்து மழுப்பினேன். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இக்கட்டுரை அவளுக்கு நான் காலந்தாழ்த்தி எழுதும் பதில்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாணவர் சங்கம்

என்னைப் போலவே கணக்கு வைத்த ஒருவர் இருந்தார் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அவர் ஜான் வெஸ்லி. 1703-இல் இங்கிலாந்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே லிங்கன் கல்லூரியில் ஆய்வுநிலை உறுப்பினரானவர். 1729-இல் அவருடைய தம்பி சார்லஸ் சில மாணவர்களைக் கூட்டி ஒரு சிறு குழுவைத் தொடங்க, அண்ணன் அதற்குத் தலைமை ஏற்றார். புதனும் வெள்ளியும் உபவாசம், வாரந்தோறும் திருவிருந்து, சிறைக் கைதிகளைச் சந்தித்தல், ஏழைகளுக்கு உதவுதல் என எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் ‘பரிசுத்தக் கழகம்’ என்றும் ‘முறைமைக்காரர்’ என்னும் பொருள்பட ‘மெதடிஸ்ட்’ என்றும் கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலே பிற்காலத்தில் ஒரு திருச்சபையின் பெயராயிற்று. 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கி, பிறகு மலாயாவெங்கும் பள்ளிகளையும் தமிழ்ச் சபைகளையும் நிறுவியது அந்த மெதடிஸ்ட் சபைதான்.

வெஸ்லி தம் நாட்குறிப்பில் மணிக்கு மணி என்ன செய்தார் என்று குறித்தார். அந்தந்த மணியில் தம் பக்தி எந்நிலையில் இருந்தது என்பதற்கு எண்ணும் கொடுத்தார். இதைப் படித்தபோது என் குறிப்பேடு நினைவுக்கு வந்து, நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு அவருக்கு மன அமைதி கிட்டவில்லை. 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியஞ்செய்யக் கப்பலேறினார். 1736 சனவரியில் நடுக்கடலில் பெரும்புயல். பாய்மரத்துணி கிழிந்து, கடல்நீர் கப்பலுக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் அலறினர். உடன் வந்த மொராவியர் என்னும் செர்மானியக் கிறிஸ்தவர்களோ, தாங்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தாமல் பாடினார்கள். அவர்களின் பெண்களும் பிள்ளைகளுங்கூட அஞ்சவில்லை. அஞ்சியவர்களுள் ஒருவர் வெஸ்லி. தம்மிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது என்று அவர் உணர்ந்தார்.

ஜார்ஜியாவில் தோல்வியுற்று 1738-இல் நாடு திரும்பினார். அவ்வாண்டு மே 24-ஆம் நாள் மாலை, இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமலே போனார். ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை அங்கு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருக்கையில் தம் உள்ளத்தில் ஒரு வெம்மை பரவியதாகவும், தம்முடைய பாவம் மன்னிக்கப்பட்டது என்னும் உறுதி பிறந்ததாகவும் அவர் எழுதி வைத்தார். அந்த மாலையில் அவர் புதிதாக எதையும் சாதிக்கவில்லை, கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டார்.

கிருபை என்பது யாது?

சீர்திருத்தச் சபையினர் ‘கிருபை’ என்பதையே கத்தோலிக்கர் ‘அருள்’ என்பர். தகுதி பார்க்காமல் கடவுள் அளிக்கும் அன்பு என்பது அதன் பொருள். கிறிஸ்தவப் போதனையில் இரண்டு சொற்கள் உண்டு. மனிதன் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுவது ‘நீதிமானாக்கப்படுதல்’. அதன்பின் அவன் குணத்தில் வளர்வது ‘பரிசுத்தமாக்கப்படுதல்’. முதலாவது கிருபை என்பதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதை மட்டும் நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். நுழைவுக் கட்டணம் இலவசம், மாதச் சந்தா நம் பொறுப்பு என்பது போல! கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கடிந்துகொள்வது இதைத்தான். ஆவியினால் தொடங்கியதைச் சொந்த பலத்தால் முடிக்கப் பார்க்கிறீர்களா என்று அவர் கேட்கிறார். இயேசுவும் வளர்ச்சியைத் திராட்சைக் கொடிக்கு ஒப்பிட்டார். கிளை தனியே முக்கிக் கனி கொடுப்பதில்லை. கொடியோடு சேர்ந்திருக்கிறது, கனி வருகிறது. மனிதன் தேடத் தொடங்குமுன்பே அவனைத் தேடி வருவதை வெஸ்லி ‘முந்தி வரும் கிருபை’ என்றார்.

இந்தக் கேள்வி தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டியைச் சொல்வர். அது தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக் குட்டியைச் சொல்வர். தாயே அதைக் கவ்விச் செல்லும். இரு சமயங்களின் போதனையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேள்வி ஒன்றே. 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். பனியனின் கதையில் பயணியின் முதுகிலுள்ள பாவச்சுமை சிலுவையருகே தானாகக் கழன்று விழுகிறது. அவன் அதை அவிழ்க்கவில்லை. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. நெடுந்தூரப் பயணம் அதற்குப் பிறகும் இருக்கிறது.

அப்படியானால் சும்மா இருக்கலாமா?

இவ்வினா வெஸ்லியின் காலத்திலேயே எழுந்தது. இலண்டனில் ஃபெட்டர் சந்தில் கூடிய சங்கத்தில் சிலர், முழு விசுவாசம் வரும்வரை ஜெபமும் வேண்டாம், திருவிருந்தும் வேண்டாம், அசையாமல் காத்திருங்கள் என்று போதித்தனர். வெஸ்லி அதை மறுத்து 1740-இல் அச்சங்கத்தை விட்டு விலகினார். ஜெபமும் வேத வாசிப்பும் திருவிருந்தும் கூலி பெறச் செய்யும் வேலைகள் அல்ல, கிருபை நம்மை வந்தடையும் வாய்க்கால்கள் என்றார். அந்த மே மாத மாலைக்குப் பிறகும் அவருக்கு ஐயங்கள் வந்தன. 1739 தொடக்கத்தில் தம்மைக் கிறிஸ்தவன் அல்லன் என்றுகூட எழுதினார். இருந்தும் 1791-இல் தம் 87-ஆம் வயதில் மறையும்வரை அதிகாலையில் எழுந்தார், ஊர் ஊராகப் போனார், ஏழைகளுக்காக உழைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் செய்தவற்றுள் பலவற்றை அப்போதும் செய்தார். செயல் மாறவில்லை, செய்யும் காரணம் மாறியது.

இதை நான் நூலில் படித்துத் தெளியவில்லை. இரண்டாமாண்டில் இடுபணிகள் குவிந்து, என் குறிப்பேடு மூன்று வாரம் வெறுமையாய்க் கிடந்தது. அந்நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். பேருந்தில் ஊருக்குப் போகும் வழியெல்லாம் ஜெபிக்க முயன்றேன்; வாய் வரவில்லை. மூன்று வாரம் எட்டிப் பார்க்காதவள், காரியம் ஆக வேண்டுமென்றதும் எந்த முகத்தோடு கேட்பது?

அங்கே அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நாற்பதாண்டு லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர் அப்பா. ஒரு கரண்டியைத் தூக்க முடியவில்லையே என்று குழறிய வாயோடு அழுதார். அம்மா, “ஒன்னும் செய்ய வேணாம், சும்மா வாயத் திறங்க” என்றார். நான் வெளியே நடைக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அன்று என்னால் ஜெபிக்க முடிந்தது. புள்ளியில்லாதவளாகவே ஜெபித்தேன்.

பிறகு பல மாதங்கள் அப்பா கைப்பயிற்சி செய்தார். ரப்பர்ப் பந்தை நூறுமுறை அமுக்குவார், வலியில் முகம் சுளிப்பார், மறுநாளும் அமுக்குவார். அம்மாவின் அன்பைச் சம்பாதிக்க அவர் அதைச் செய்யவில்லை. அந்த அன்பு, கை விழுந்து கிடந்தபோதே அவருக்கு இருந்தது. அது இருந்ததால்தான் பயிற்சி செய்ய அவருக்கு மனம் வந்தது. வலக்கை முழுவதும் சரியாகவில்லை. இப்போது இடக்கையால் தேநீர்க் குவளையைப் பிடிக்கிறார்.

கிருபைக்கு எதிரானது முயற்சியன்று. சம்பாதித்துவிடலாம் என்னும் நினைப்பே. இன்றும் நான் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன். சில நாள் தூங்கிவிடுகிறேன். மறுநாள் வெட்கமின்றித் திரும்பிப் போகிறேன். குறிப்பேடு இப்போது என்னிடம் இல்லை.

தேர்வுப் புள்ளிகளையே தங்கள் விலையென்று எண்ணி விடுதி அறையில் விழித்திருக்கும் தம்பி தங்கையர் இன்றும் இருப்பார்கள். எச்சமயத்தவராயினும், நீங்கள் தேர்ச்சி பெறுமுன்பே உங்களை நேசித்தவர்கள் யாரென்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள், பிறகு படியுங்கள். என் அறைத்தோழிக்கு என் பதில் இது: எங்கள் சாமி சி.ஜி.பி.ஏ. பார்ப்பதில்லை. அது தெரிய எனக்குத்தான் இரண்டாண்டு ஆயிற்று.