கொல்லையிலும் ஒரு நாட்டுப்புறம்

“உத்தியோகம் முடிந்ததும் ஊருக்குப் போய்விட வேண்டும். கிணற்றடியில் நாலு வாழை, தொழுவில் ஒரு பசு, விடியலில் குயிலோசை, இவை போதும்.” இப்படிச் சொல்லாத தமிழ்க் குடும்பம் நம் டெய்ரி ஃபார்மில் அரிது. ஆசை நல்லதே. ஆனால் அதற்கென்று இருபது முப்பது ஆண்டுகளைத் தள்ளிப் போடுகிறோம். அதற்குள் நம் குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு நம் ஊர்ப் பறவையின் பெயரும் தெரிவதில்லை. இந்தத் தீவின் பறவையின் பெயரும் தெரிவதில்லை. நாம் சிந்திக்க வேண்டிய இழப்பு இது.

வேலையை விட்டபின் இயற்கையைக் காண்பதையே வாழ்வாக்கிக்கொண்ட தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூர்வோம். அவர் மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். தாவரவியலும் சட்டமும் பயின்றவர். இன்று கர்நாடகத்திலுள்ள சண்டூர், அந்நாளில் ஒரு சமஸ்தானம். அங்கே 1942 முதல் பல பதவிகளை வகித்தார். 1949-இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அவர் மீண்டும் ஓர் உத்தியோகத்தைத் தேடவில்லை. சென்னைக்கு வந்து எழுத்தையும் புகைப்படக் கலையையும் நம்பி வாழலானார். 1950 முதல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘நாட்டுப்புறக் குறிப்பேடு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் கட்டுரைகள் எழுதினார். 1996 பிப்ரவரியில் மறையும்வரை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது தொடர்ந்தது. 1970-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவர் யானையைப் பற்றி எழுதினார். அதே அக்கறையோடு காக்கையைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதினார். காட்டுக்குப் போனால்தான் இயற்கை என்று அவர் எண்ணவில்லை.

உத்தியோகத்தை விட்டால்தான் இது கைகூடுமோ என்று அன்பர்கள் ஐயுறலாம். இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் ஒரு பாதிரியார். அவர் தம் பணியையும் விடவில்லை, ஊரையும் விடவில்லை. தோட்டத்திலும் வயல்வெளியிலும் கண்டதை நாள்தோறும் குறித்துவந்தார். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்த மூவகைச் சிறு குருவிகளைக் குரலைக் கேட்டே வேறு பிரித்துக் காட்டினார். 1789-இல் வெளிவந்த அவர் நூல் இன்றளவும் படிக்கப்படுகிறது. ஒருவர் வேலையை விட்டார்; ஒருவர் விடவில்லை. இருவருக்கும் பொதுவாயிருந்தவை காணும் கண்ணும் அன்றன்றே எழுதும் பழக்கமுமே.

இரயில்வேயில் எழுத்தராயிருக்கும் நமக்கு இப்பழக்கத்தின் அருமை புரியும். வண்டி வந்த நேரத்தை அப்பொழுதே பதிவேட்டில் எழுத வேண்டும்; மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் அது பதிவு ஆகாது. தண்டவாளமே இல்லாத இத்தீவிலும் நேரம் தவறாது வருவன பல இருக்கின்றன.

முதலாவது கதிரவன். சென்னையைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்தியே இங்கு பொழுது புலர்கிறது. மாலையிலும் அவ்வாறே முந்தி இருட்டுகிறது. அடுத்தது மழை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுமுன், மே மாதத்திலேயே இத்தீவுகளை நனைத்துவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும்; இங்கோ ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை இங்கே பிறந்த பிள்ளைக்குச் சொல்லும்போது, அது எந்த மண்ணின் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

பறவைகளைப் பாருங்கள். ஊரில் நாம் கண்ட செம்போத்துக்குக் கறுத்த உடலும் செங்கல் நிறச் சிறகும் உண்டு. அதன் உறவான அந்தமான் செம்போத்துக்கோ உடலே பழுப்பு. மரத்திலும் இந்த உறவு உண்டு. நம் மலைகளில் வளரும் வேங்கையும் இத்தீவுகளின் புகழ்பெற்ற படாக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வேங்கையை அறிந்த பாட்டிக்கும் படாக்கை அறிந்த பேரனுக்கும் இதைவிட நல்ல பேச்சு வேறென்ன வேண்டும்?

நம்மைப்போலக் கடல் கடந்து வந்தவையும் உண்டு. கூரையில் கூவும் மைனா இங்கே மனிதர் கொண்டுவந்து விட்ட பறவை. மழை இரவில் கீரைப் பாத்தியை மேய்ந்துவிடும் பெரிய நத்தை ஆப்பிரிக்காவுக்கு உரியது. ஜப்பானியர் இத்தீவுகளைப் பிடித்திருந்த 1942–1945 போர்க்காலத்தில் வந்து சேர்ந்ததாகக் கூறுவர். அதனிடம் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடுமாதலால், குழந்தைகள் வெறுங்கையால் தொடலாகாது.

போர்ட் பிளேர் நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. நகரத்தின் பெயரை மாற்றுவதென்றால் அரசாணை வேண்டும். ஆனால் ஒரு பறவையின் பெயர் மறைந்துபோக ஆணை எதுவும் வேண்டுவதில்லை. தாய் சொல்லாதிருந்தால் போதும். பள்ளியிலும் தெருவிலும் இந்தி பேசி வளரும் பிள்ளை காகத்தைக் ‘கௌவா’ என்பதில் தவறில்லை. வீட்டில் காக்கை என்ற சொல்லும் வழங்கவில்லையெனில், அதுவே குறை.

ஆதலின் வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, நேரம், மழையா வெயிலா, கண்டது என்ன. இந்த நான்கும் போதும். பிள்ளை தமிழில் எழுதட்டும். பெயர் தெரியாவிடின் நிறத்தையும் குரலையும் எழுதட்டும். பெரியவர்களைக் கேட்டுப் பின்னர் பெயரை நிரப்பலாம். ஓராண்டு சென்றபின், முதல் மழை என்று வந்தது, குயில் என்று கூவத் தொடங்கியது, முருங்கை எப்பொழுது பூத்தது என்பவற்றிற்கு அந்த ஏடே விடை சொல்லும்.

ஊருக்குத் திரும்பும் நாள் வரும்போது வரட்டும். அதுவரை கொல்லையில் வாழையும் உண்டு, முருங்கையும் உண்டு, அவற்றை நாடி வரும் பறவையும் உண்டு. அவற்றைக் காண நமக்கு ஓய்வூதியம் வேண்டுவதில்லை. நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும்.