தாமதமாக மூடும் வால்வு

குறுக்கே வெட்டிவைத்த பெட்ரோல் எஞ்சினைக் கையால் சுற்றிக்காட்டித்தான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறேன். பிஸ்டன் அடிவரை இறங்குவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். மாணவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உள்ளே வாயு இன்னும் கொதிப்போடும் அழுத்தத்தோடும் இருக்கிறது. அந்தத் தெம்பெல்லாம் சைலன்சர் வழியே போய்விடுகிறது. 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், சக்கரத்துக்கு 30 ரூபாய் அளவுக்குச் சேர்வதே பெரிய விஷயம்.

இந்த விரயத்தை 1880களிலேயே குறைக்கப் பார்த்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன். பிஸ்டன் அமுக்கும் தூரத்தைவிட, வாயு விரிந்து தள்ளும் தூரம் நீளமாக இருக்கும்படி தண்டுகளை இணைத்தார். அபாரமான யோசனை! ஆனால் மூட்டுகள் அதிகம் என்பதால் அந்த எஞ்சின் நிலைக்கவில்லை.

இன்று அதே பலனை வால்வு தருகிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வைச் சற்று நேரம் திறந்தே வைக்கிறார்கள். உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் திரும்பிப் போகும். மிச்சத்தை மட்டும் அமுக்குவதால் விரிவு முழுசாகக் கிடைக்கிறது. பிக்கப் குறையும், ஹைபிரிட் காரில் அதை மின்மோட்டார் ஈடுகட்டும். 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ் இப்படித்தான் ஓடியது. அதன் நான்காம் தலைமுறை எஞ்சின், உச்ச வெப்பத்திறனில் 40 சதவீதத்தைத் தொட்டது. நம் ஊரில் ஹோண்டா சிட்டியின் ஹைபிரிட் வகையிலும் இதே முறைதான்.