மென்தோலும் முகச்சவரமும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நேயர்களுள் சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். கொல்லிமலையிலிருந்து ஒருவன் பேச வந்தால், வல்வில் ஓரியைப் பற்றியோ அறப்பள்ளீசுவரர் கோயிலைப் பற்றியோ ஆகாய கங்கை அருவியைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நானோ முகச்சவரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சவரம் செய்துகொண்ட ஓரிரு நாளிலே தாடையிலும் கழுத்திலும் கொப்புளங்கள் எழும்பி, எரிச்சலும் தினவும் தாங்காமல் வருந்தும் ஆடவர் நாம் நினைப்பதைவிடப் பலர். வெட்கத்தால் அவர்கள் இதனை வெளியே சொல்வதில்லை. யாரேனும் கேட்டால், 'உடம்புச் சூடு' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தைக் கூறுமிடத்தில் தலையை மழிப்பதும் சடை வளர்ப்பதும் வேண்டியதில்லை என்றது துறவியர்க்கு. இல்லறத்தில் இருப்பவன், அதிலும் அலுவல் பார்ப்பவன், வாரத்தில் சில நாளேனும் கண்ணாடியின் முன் நின்றே ஆகவேண்டியிருக்கிறது.

இக்கொப்புளம் எவ்வாறு உண்டாகிறது? சாமையோ கேழ்வரகோ அறுத்த காட்டில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நின்ற பயிர் காலைக் குத்துவதில்லை. அறுத்த தாள்தான் குத்துகிறது. மூங்கிலும் அப்படியே. சாய்வாக வெட்டிவிட்ட மூங்கிற் கட்டை ஈட்டிக்கு நிகர். தாடி மயிரின் இயற்கையான நுனி மெலிந்தும் மென்மையாகவும் இருக்கும். கத்தி பட்டவுடன் அது சாய்வான கூர்முனை ஆகிவிடுகிறது. நேராக வளரும் மயிராயின் கேடொன்றும் இல்லை. மேல்நோக்கி வளர்ந்து போய்விடும். சுருண்டு வளரும் மயிரோ வில்லைப்போல் வளைந்து திரும்பி, அண்டையில் உள்ள தோலையே துளைத்து உள்ளே நுழைகிறது. முள் தைத்த இடம் எப்படிச் சிவந்து வீங்குகிறதோ அப்படியே அந்த இடமும் சிவந்து புடைக்கிறது. பரு என்று நாம் கிள்ளுவது பல வேளைகளில் பருவே அன்று. நம் மயிரே நமக்குத் தைத்த முள்.

இன்னொரு வகையிலும் இம்முள் தைக்கும். தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிக ஒட்டச் சிரைத்தால், மயிரின் வெட்டுமுனை தோலின் மட்டத்துக்குக் கீழே உள்வாங்கிப் போகிறது. பிறகு அது வளரும்போது வெளிவாயில் வழியே வராமல், மயிர்க்காலின் பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு தசைக்குள் போய்விடும். 1971-ஆம் ஆண்டில் ஜில்லெட் நிறுவனம் இரட்டை அலகு கொண்ட சவரக் கருவியை வெளியிட்டது. முதல் அலகு மயிரைச் சற்றே வெளியே இழுக்கும். அது உள்வாங்குமுன் இரண்டாம் அலகு இன்னும் கீழே அறுத்துவிடும். அதன் பெருமையெல்லாம் இந்த வழவழப்பில்தான் இருந்தது. பின்னர் மூன்று அலகு, ஐந்து அலகு என்று வளர்ந்துகொண்டே போயிற்று. முரட்டுத் தோலுக்கு அது வசதியாக இருக்கலாம். மென்தோலும் சுருள் மயிரும் உடையவனுக்கு அந்த வழவழப்பே கேடு என்பது என் துணிபு.

இது என் சொந்தக் கற்பனை அன்று. ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரு தோல் மருத்துவர்கள் 1956-ஆம் ஆண்டிலேயே இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார்கள். மயிர்க்காலில் கிருமி புகுந்து உண்டாகும் அழற்சி போலத் தோன்றினும் இது அத்தகையதன்று என்பதனால், 'போலி மயிர்க்கால் அழற்சி' என்று பொருள்படும் பெயர் இதற்கு வழங்குகிறது. ஆப்பிரிக்க வழியினரான கறுப்பின மக்களிடம் சுருள் மயிர் மிகுதி ஆதலின் இத்தொல்லையும் மிகுதி. நாள்தோறும் மழமழவென்று மழித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையால் அமெரிக்கப் படைகளில் இருந்த கறுப்பின வீரர்கள் பெரிதும் வருந்தினர். மருத்துவர் எழுதித் தந்தால் தாடியைச் சிறிது விட்டுக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு விலக்களிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. நம்மிடையேயும் தாடி மயிர் சுருண்டு வளர்வோர் இல்லாமல் இல்லை. தலைமயிர் நேராக இருந்தும் கழுத்து மயிர் மட்டும் சுருண்டிருப்பவர்களும் உண்டு.

ஆகவே, முதல் மருந்து கத்தியைக் கீழே வைப்பதுதான். மூன்று நான்கு வாரம் தாடியை வளரவிட்டால் பெரும்பாலான கொப்புளங்கள் தாமே அடங்கிவிடும். தாடி மயிர் ஒரு நாளில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. உள்ளே நுழைந்த மயிர் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும்போது, வளைத்த வில் நிமிர்வதுபோலத் தானே வெளியே எழுந்துவிடும். முதல் வாரத்தில் தொல்லை சற்று மிகுவதுண்டு. அதைக் கண்டு அஞ்சி மீண்டும் கத்தியை எடுப்பவர்களே பலர்.

நான்கு வாரத்துக்குப் பிறகு என்ன செய்வது? நம் ஊர் முடிதிருத்துவோர் 'மெஷின்' என்று சொல்வார்களே, அந்தக் கருவிதான் மென்தோலுக்கு உற்ற துணை. அது தோலைத் தொட்டுச் சிரைப்பதில்லை. தோலுக்கு மேலே அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை விட்டு வெட்டுகிறது. அந்த அளவு மயிர் நின்றால் கூர்முனை தோலுக்குள் நுழைவது அரிதாகிவிடுகிறது. எதிரே நிற்பவர் கண்ணுக்கு முகம் தூய்மையாகவே தோன்றும். தடவிப் பார்த்தால்தான் சொரசொரப்புத் தெரியும். நம் தாடையை யார் வந்து தடவிப் பார்க்கப் போகிறார்கள்? மின்சாரத்தில் ஊட்டம் ஏற்றிக்கொள்ளும் சிறிய கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. மலையூர்களில் மின்சாரம் தடைப்படுவது புதிதன்று எனினும், ஒருமுறை ஏற்றிய ஊட்டம் பல நாள் சவரத்துக்குப் போதும். அக்குள் முதலிய மென்மையான இடங்களுக்கும் இதுவே நல்லது. ஆனால் முகத்துக்கு வைத்திருப்பதை அங்கே கொண்டுபோகலாகாது.

பிளேடைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் ஒற்றை அலகை நாடுக. கிங் ஜில்லெட் என்பார் தாம் கண்ட பாதுகாப்புச் சவரக் கருவியை 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. அந்தப் பழைய ஒற்றை அலகு முறையே மென்தோலுக்கு இன்றும் ஏற்றது. ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து சவரம் செய்யும் நம்மவர் வழக்கத்தைக் கண்டறிந்து, அந்த நிறுவனமே 2010-இல் 'கார்டு' என்ற ஒற்றை அலகுக் கருவியை இந்நாட்டுக்கென வெளியிட்டது. அலகுக்கு முன்னே சீப்புப் போன்ற ஒரு தடுப்பு அமைத்து, தோல் அலகின்மேல் நேராகப் புடைத்துப் படாதபடி செய்திருந்தார்கள்.

கருவியைவிட முறை பெரிது. கொல்லிமலை ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருப்பது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைத் தண்ணீர் கையை விறைக்கச் செய்யும். அந்நீரை முகத்தில் தெளித்துக்கொண்டு உடனே பிளேடை வைப்பது காய்ந்த மூங்கிலை அறுப்பதற்கு ஒப்பானது. மயிர் நீரை உறிஞ்சி ஊறினால்தான் எளிதில் அறுபடும். ஆதலின் வெந்நீரில் குளித்த பிறகு சவரம் செய்க. இயலாதாயின், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருந்து, பின்னர் நுரையைக் குழைத்துப் பூசி அதையும் சிறிது நேரம் ஊறவிடுக. உலர்ந்த முகத்தில் விரலால் தடவிப் பார்த்தால் மயிர் எத்திசையில் சாய்கிறது என்பது தெரியும். கன்னத்தில் கீழ்நோக்கிச் சாய்வது கழுத்தில் பக்கவாட்டில் சாயலாம். அந்தச் சாய்வோடு பிளேடைச் செலுத்துக, எதிர்த்துச் செலுத்தற்க. தோலை இழுத்துப் பிடியாமல், அழுத்தாமல், ஓரிடத்தில் ஒரு முறைக்கு மேல் ஓட்டாமல் விடுவது நலம். பிறகு குளிர்ந்த நீரில் கழுவி, மணமற்ற களிம்பு சிறிது தடவினால் போதும். சாராயச் சத்துக் கலந்த மணநீர் எரிச்சலை மிகுவிக்கும்.

பிளேடே வேண்டாம் என்று பூச்சுகளை நாடுவோரும் உண்டு. பழைய வைத்திய நூல்களில் அரிதாரமும் சங்குச் சுண்ணமும் சேர்ந்த பூச்சு மயிரைப் போக்கக் கூறப்பட்டுள்ளது. அரிதாரம் பாஷாணம் கலந்தது. அதனை இன்று யாரும் செய்து பார்க்க வேண்டா. இக்காலத்துக் கிரீம்களில் பெரும்பாலும் கால்சியம் தயோகிளைக்கோலேட் என்ற உப்பு இருக்கிறது. அது மயிரில் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தின் கட்டுகளைக் குலைத்துக் கூழாக்குகிறது. கூர்முனை உண்டாவதில்லை என்பது இதன் நன்மை. ஆயினும் தோலின் மேற்பரப்பும் அதே கெரட்டினால் ஆனதே! மயிருக்கும் தோலுக்கும் வேறுபாடு தெரியாத பொருளை முகத்தில் பூசும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாடி மயிர் தடிப்பானது என்று கூடுதல் நேரம் விட்டால் தோல் வெந்துவிடும். முதலில் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது தவறாமல் செய்யத்தக்கது. முகத்துக்கு ஆகாது என்று உறையில் அச்சிட்டிருந்தால் அதை நம்புக. மெழுகால் பிடுங்குவதும் நூலால் களைவதும் தாடிக்கு ஏற்றவை அல்ல; பிடுங்கிய மயிர் மீண்டும் முளைக்கையில் தோலுக்கடியிலேயே சுருண்டுவிடும்.

என்னிடம் பயின்ற ஒரு மலையூர் இளைஞன் காவல்துறைத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தான். ஓட்டத்தில் வல்லவன். தேர்வுக்கு முன் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் மூன்று அலகுக் கருவியால் சிரைத்திருக்கிறான். கழுத்து முழுவதும் கொப்புளம். "ஐயா, தோல் வியாதிக்காரன் என்று என்னைத் தள்ளிவிடுவார்களா?" என்று கேட்டான். அவன் கையில் ஒரு களிம்புக் குழாய் இருந்தது. யாரோ சொன்னதன்பேரில் மருந்துக் கடையில் வாங்கி இரண்டு மாதமாகத் தடவி வந்தானாம். வாங்கிப் பார்த்தேன், வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்பு. அத்தகையது முதலில் சிவப்பை அடக்கிக் காட்டும். நாளடைவில் தோலை மெலிவித்து, நிறுத்தியவுடன் முன்னினும் மிகுதியாகப் பொங்கச் செய்யும். இவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவண் அரசு 2018-இல் ஆணை பிறப்பித்தும் எளிதாகக் கிடைத்துக்கொண்டிருப்பதுதான் வருத்தம். "தம்பி, இது வியாதி அன்று, இந்தக் குழாயோடு மருத்துவரைப் பார்" என்று அனுப்பினேன். அவர் சொற்படி களிம்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தாடியை ஒரு மாதம் விட்டுவைத்து, பிறகு மெஷினுக்கு மாறினான். அடுத்த தேர்வில் அவன் முகத்தைப் பற்றி ஒருவரும் வினவவில்லை.

எல்லாக் கொப்புளமும் மயிர் தைத்ததால் வந்தது என்றும் கொள்ளலாகாது. மாட்டுக்கு வரும் படர்தாமரை, மாடு மேய்ப்பவனின் தாடிக்கும் தாவும். முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் கட்டியாகத் தடித்து, அங்குள்ள மயிர் தொட்டால் கையோடு வந்துவிட்டால், அது பெரும்பாலும் அந்தக் காளான் வகைக் கிருமியின் வேலை. அதற்கு உள்ளுக்கு உண்ணும் மருந்து வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு களிம்போ அதனைப் பரப்பிவிடும். சீழ் பிடித்த கொப்புளமும் மருத்துவருக்கு உரியதே. மலையிலிருந்து இறங்கினால் சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. 2022 முதல் நாமக்கல்லிலும் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எதனாலும் அடங்காதவர்களுக்கு மயிர்க்காலையே அழிக்கும் வழிகளும் உள்ளன. 1875-இல் சார்லஸ் மிச்சல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், விழியைக் குத்தும் இமை மயிரை மின்னோட்டம் பாய்ச்சிய ஊசியால் நீக்கினார். அதன் வழிவந்த முறை இன்றும் உண்டு. லேசர் ஒளியும் உண்டு. லேசர், மயிரின் கருநிறத்தைத் தேடிச் சென்று சுடுவது. நம் தோலிலும் அக்கருநிறம் உள்ளதாதலின், கருந்தோலுக்கு ஏற்றது என்று கருதப்படும் 1064 நானோமீட்டர் அலைநீளக் கருவி உண்டா என்று கேட்ட பின்னரே முகத்தைக் காட்ட வேண்டும். செலவும் சிறிதன்று, பல முறை போக வேண்டியும் இருக்கும்.

இறுதியாக, பிறர் பிளேடைப் பற்றி. ஒரு விடுதியில் நான்கு மாணவர்கள் ஒரே பிளேடை முறைவைத்துப் பயன்படுத்தியதை நான் கண்டதுண்டு. சிக்கனம் என்றார்கள். மென்தோல் உடையவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் மிகுதி. ஒவ்வொன்றும் ஒரு வாயில். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாளேனும் அழியாமல் இருக்கவல்லது. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊசி நாடு முழுவதும் சேர்ந்தது 2011-ஆம் ஆண்டளவில்தான். அதற்கு முன் பிறந்த இளைஞர் பலர் அதைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கடையில் சவரம் செய்துகொள்வோர், தம் கண்ணெதிரே புதுப் பிளேடை உறை பிரித்து ஒடித்துப் போடச் சொல்லுக. பல முகங்களில் தேய்த்த படிகாரக் கட்டியையும் வேண்டா என்று சொல்லிவிடலாம். வீட்டில் ஆளுக்கொரு பிளேடு. தேய்ந்ததை மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் போட்டுவைக்க வேண்டும். குப்பைக் குழியில் எறிந்தால் அது எருவோடு காட்டுக்குப் போய், களையெடுக்கும் பெண்களின் விரலைத்தான் தேடும்.