நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்கள் தெருவில்

பொழுது விடிவதற்கு முன்பே சியோல் தெருக்களில் அட்டைப்பெட்டி பொறுக்கும் முதியவர்களைப் பார்க்கலாம். கடை வாசலில் கிடக்கும் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கி, தள்ளுவண்டியில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்குகிறார்கள். கார்கள் உரசிக்கொண்டு போகிற சாலையோரமாகவே வண்டியை இழுக்கிறார்கள். காயலான் கடையில் கிலோவுக்கு 100 வோன்கூடக் கிடைக்காத காலம் உண்டு. 100 வோன் என்பது நம் பணத்தில் ஏறத்தாழ ஆறு ரூபாய். கொரியத் தொடர்களில் நாம் வாய்பிளந்து பார்க்கும் கங்னம் அடுக்குமாடிகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன.

போரில் நொறுங்கிக் கிடந்த தென்கொரியாவை, துணி ஆலையிலும் கட்டுமானத்திலும் இரவு பகலாக உழைத்துத் தூக்கி நிறுத்திய தலைமுறை இது. 1996இல் அந்த நாடு பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் சேர்ந்தது. அந்தக் கூட்டமைப்பிலேயே முதியோர் வறுமை மிக மோசமாக இருக்கும் நாடுகளில் முதல் வரிசையில் நிற்பதும் அதுதான். வருமானத்தை வைத்துப் பார்த்தால், 65 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் ஏழைகள்.

தேசிய ஓய்வூதியம் தொடங்கியதே 1988இல்தான். அதுவும் முதலில் 10 பேராவது வேலை பார்க்கும் இடங்களுக்கு மட்டும். நகரத்துச் சிறு வியாபாரிகளுக்கு அது 1999இல் வந்தது. அதற்குள் பலருக்கு வயதாகிவிட்டது. சம்பாதித்ததையெல்லாம் பிள்ளைகளின் படிப்பில் கொட்டியவர்கள், கடைசிக் காலத்தில் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினார்கள். அந்தப் பிள்ளைகளோ வீட்டு முன்பணத்துக்கும் டியூஷன் கட்டணத்துக்கும் நடுவில் மூச்சுத் திணறுகிறார்கள். இதில் கொடுமை, பிள்ளைக்கு வருமானம் இருக்கிறது என்ற காரணத்தாலேயே பல முதியவர்களுக்கு அரசு உதவி மறுக்கப்பட்டது. அந்த விதி பெருமளவு தளர்ந்தது 2021இல்தான்.

சொந்த வீட்டையும் கணக்கில் சேர்த்தால் வறுமை இவ்வளவு தெரியாது என்கிறார்கள் சில பொருளாதார நிபுணர்கள். இருக்கலாம். வீடே இல்லாதவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

2014 முதல் அடிப்படை ஓய்வூதியம் தருகிறார்கள். அதை மட்டும் வைத்து சியோலில் மாதத்தை ஓட்ட முடியாது. 65 வயதானால் சுரங்க ரயிலில் கட்டணம் இல்லை என்பதை நம்பி, கூலிக்குக் கொண்டுசேர்க்கும் பார்சலோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கும் தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

வலுவிருந்த வயதில் உழைப்பை வாங்கிக்கொண்ட நாடு, தள்ளாத வயதில் சோறு போடக் கடமைப்பட்டது. அது அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி. அந்தத் தலைமுறை எண்பதைத் தொட்டுவிட்டது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைத் தீர்க்க வேண்டும்.