கைக்கு வர வேண்டிய சேதி

“பெரியப்பா, மெதுவா போற காருக்கு எதுக்கு இவ்வளவு விலை?”

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கைபேசியை என் பக்கம் திருப்பினான் தம்பி மகன். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். திரையில் இருந்தது 2016-ல் வந்த போர்ஷே 911 ஆர்.

நியாயமான கேள்வி. அதற்கு மூன்று வருடம் முன்பு, 2013-ல், அதே கம்பெனி 911 ஜிடி3 என்ற வண்டியை இறக்கியது. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு 3.5 விநாடி போதும். கிளட்ச் பெடல் கிடையாது. பிடிகே என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், கண் இமைப்பதற்குள் கியரை மாற்றிவிடும். கணக்குப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லாத வண்டி. ஆனால் முந்தைய ஜிடி3-களை ஆசையாக ஓட்டியவர்களில் பலருக்கு மனம் ஆறவில்லை. கியர் போடும் வேலையை எங்கள் கையிலிருந்து பிடுங்கிவிட்டீர்களே என்று ஆதங்கப்பட்டார்கள். அதன் பிறகு வந்ததுதான் இந்த ஆர். 500 குதிரைத்திறன், 1,370 கிலோ எடை, மிதிக்க ஒரு கிளட்ச், கையால் போட ஆறு கியர். 100-ஐத் தொட 3.8 விநாடி. மொத்தமே 991 வண்டிதான் செய்தார்கள். அத்தனையும் விற்றுத் தீர்ந்து, கைமாறும்போது பல மடங்கு விலை சொன்னார்கள்.

அரிதாகக் கிடைக்கும் பொருளுக்கு விலை ஏறத்தான் செய்யும். அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் 2017-ல் வந்த புதிய ஜிடி3-ல் கையால் போடும் கியரை போர்ஷே திரும்பக் கொண்டுவந்தது. வேகமான கியர்பாக்ஸ் அதே வண்டியில், அதே கடையில் கிடைக்கும்போதே, மெதுவானதைக் கேட்டு வாங்க ஆட்கள் வந்தார்கள். அப்படியானால் அவர்கள் தேடுவது வேகத்தை இல்லை என்றுதானே அர்த்தம்?

“பழசு மேல இருக்கிற பாசமா?” என்றான்.

அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இதற்கு இயந்திரக் காரணம் ஒன்று இருக்கிறது. அவன் படிக்கும் படிப்பிலேயே இருக்கிறது. இன்னொரு டீ சொல்லிவிட்டு, கடையில் பெஞ்ச் கழுவ வைத்திருந்த தட்டையான பிரஷ்ஷைக் கேட்டு வாங்கினேன்.

டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அதை இந்த பிரஷ் என்று வைத்துக்கொள்ளலாம். டயர் நிபுணர்களும் இப்படி ஒரு பிரஷ்ஷாக வைத்துத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். வண்டி வளைவில் திரும்புகிறது. அப்போதுதான் தரையைத் தொட்ட முன்பக்க இழைகள் நேராக நிற்கும். பின்னால் போகப் போக ஒவ்வோர் இழையும் பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கும். அதிகம் வளைந்த இழை அதிகம் எதிர்த்துத் தள்ளும். அதனால் தள்ளும் விசையின் மையம் டயரின் நடுவில் விழாது, சற்றுப் பின்னால் விழும். பின்னால் விழுவதால் அது சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். ‘ஸ்டியரிங் ரிட்டர்ன் ஆகுது’ என்று நம் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் சொல்கிறார்களே, அதில் ஒரு பெரிய பங்கு இதுதான். முன்சக்கரத்தைச் சாய்த்துப் பொருத்தியிருக்கும் விதமும் அதற்கு உதவுகிறது.

இப்போது வளைவில் இன்னும் வேகம் கூட்டுகிறோம். முதலில் வழுக்கத் தொடங்குவது அதிகம் வளைந்து நிற்கும் பின்பக்க இழைகள். அவை வழுக்க வழுக்க, விசையின் மையம் முன்னோக்கி நகரும். சக்கரத்தை நேராக்கும் முறுக்கு குறையும். ஸ்டியரிங்கின் கனம் இறங்கும். இதில் நான் வியக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் டயர் இன்னும் பிடியை விடவில்லை. மொத்தப் பிடி இன்னும் ஏறிக்கொண்டேகூட இருக்கும். அதற்கு முன்பே கனம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ‘கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவேன்’ என்று டயர் முன்கூட்டியே ஓட்டுபவர் கைக்குச் சொல்லி அனுப்பும் சேதி அது.

நான் ஓட்டக் கற்றது பவர் ஸ்டியரிங் இல்லாத மாருதி 800-ல். மழைக்காலத்தில் ஈரத் தார்ச்சாலையில் ஒரு வளைவைக் கொஞ்சம் அவசரமாக எடுத்தால், அதுவரை கையை எதிர்த்துக்கொண்டிருந்த ஸ்டியரிங் சட்டென்று இளகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் தானாக மேலே வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை கற்றுக்கொண்டு காலுக்குச் சொன்னது.

பவர் ஸ்டியரிங் வந்ததும் இந்தச் சேதி செத்துவிடவில்லை. பழைய ஹைட்ராலிக் முறையில் இன்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றும் பம்ப் ஒன்று எண்ணெய்க்கு அழுத்தம் தரும். நாம் திருப்பும் பக்கம் அந்த எண்ணெய் கைகொடுக்கும். உதவி கிடைக்கும், சேதியிலும் பெரும்பகுதி வந்து சேரும். ஆனால் நேர்சாலையில் போகும்போதும் பம்ப் சும்மா சுற்றிப் பெட்ரோலைத் தின்னும். மின் ஸ்டியரிங்கில் திருப்பும்போது மட்டும் மோட்டார் வேலை செய்யும். ஐரோப்பாவில் கார் கம்பெனிகள் தங்கள் புதுக் கார்களின் சராசரிக் கரியமில வாயுவைக் கிலோமீட்டருக்கு 95 கிராமுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, அந்தச் சிறு மிச்சமும் பெரிதாகிவிட்டது. வண்டி தானே பார்க் செய்யவும், சாலைக் கோட்டைத் தாண்டினால் தானே திரும்பவும் வேண்டுமென்றால், அதற்கும் ஸ்டியரிங்கில் ஒரு மோட்டார் வேண்டும். 911-க்கு மின் ஸ்டியரிங் 2011-ல், 991 என்ற தலைமுறையில் வந்தது.

மோட்டாரும் அதன் பற்சக்கரங்களும் நடுவில் உட்கார்ந்தால், டயர் அனுப்பும் சின்னச் சின்ன அசைவுகளை அவை விழுங்கிவிடும். மிச்சத்தில் கைக்கு எவ்வளவு போக வேண்டும் என்று மென்பொருள் தீர்மானிக்கும். குழி, மேடு, நடுக்கம் எல்லாவற்றையும் வேண்டாத தொல்லை என்று வடிகட்டினால், அதோடு சேர்ந்து அந்த ‘விட்டுவிடுவேன்’ என்ற சேதியும் போய்விடுகிறது. பொறுமையாக உட்கார்ந்து அமைத்தால் மின் ஸ்டியரிங்கும் நன்றாகவே சேதி சொல்லும். இவன் காட்டிய 911 ஆரில் இருப்பதும் மின் ஸ்டியரிங்தான். எனவே மோட்டார்மீது எனக்குக் கோபம் இல்லை. எதை வடிகட்ட வேண்டும் என்று முடிவெடுக்கும் மனத்தில்தான் கோளாறு வரும்.

ஆனால் ஸ்டியரிங்கைவிடப் பெரிய மாற்றம் கீழே, டயரில் நடந்திருக்கிறது. 1964-ல் விற்பனைக்கு வந்த முதல் 911-க்கு 130 குதிரைத்திறன், சுமார் 1,080 கிலோ எடை, 165 மில்லிமீட்டர் அகல டயர். 992 என்ற தலைமுறையில் வந்த சாதாரண கரெரா மாடலுக்கு 385 குதிரைத்திறன், சுமார் 1,500 கிலோ, பின்பக்க டயரின் அகலம் 295 மில்லிமீட்டர். ஒல்லி டயர் போட்ட பழைய வண்டி, மலைப்பாதையில் மிதமான வேகத்திலேயே தன் எல்லையைத் தொட்டு, ஓட்டுபவரோடு பேச ஆரம்பித்துவிடும். புதியது அதே வளைவில் அதே வேகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைப் பேச வைக்க வேண்டுமானால், பொதுச்சாலையில் யாரும் போகக் கூடாத வேகத்தில் போக வேண்டும். எதிரே குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஒருவர் வருவார். அந்தச் சாலையில் அந்த வேகம் கூடவே கூடாது. ஆகவே வண்டியின் திறமையில் பெரும்பகுதி உறங்கிக்கொண்டே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர், பந்தயத் தளத்துக்குப் போனால் ஒழிய அதைப் பார்ப்பதே இல்லை.

“அப்ப பழைய வண்டிதான் நல்லதா?” என்று கேட்டான். அப்படிச் சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது. 1975-ல் வந்த 911 டர்போவுக்கு ‘மனைவியை விதவையாக்கும் வண்டி’ என்று பட்டப்பெயர் உண்டு. இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். டர்போவின் வேகம் தாமதமாக வந்து திடீரென்று அறையும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடி இழந்து, வண்டி சுழன்றுவிடும். பயத்தில் யாரும் இயல்பாகச் செய்யும் காரியத்தையே அந்த வண்டி தண்டித்தது. சக்கரம் வழுக்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் இஎஸ்பி முறை 1995-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. 2014 முதல் ஐரோப்பாவில் புதுக் கார் எல்லாவற்றிலும் அது கட்டாயம். அதைக் குறை சொல்லும் ஓட்டுநர் யாராக இருந்தாலும் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன்.

சுகம்தான் குற்றவாளி என்பதும் தவறு. 1990-ல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. நன்றாகக் குளிரும் ஏசி, நாலாபுறமும் தெரியும் கண்ணாடி, தினமும் அலுவலகம் போய்வரலாம் என்ற நம்பகம். பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா சுசுகா தளத்தில் ஓட்டிப் பார்த்துச் சொன்னதைக் கேட்டுக் காரின் சட்டகத்தை இன்னும் விறைப்பாக்கினார்கள். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் முர்ரே, தன் வண்டிக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது எந்த ஃபெராரியையும் இல்லை, இந்த ஹோண்டாவைத்தான். முதுகு நோகாமலும் போகலாம், கைக்குச் சேதியும் வரலாம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இழந்ததைத் திருப்பித் தர கம்பெனிகள் செய்யும் சில முயற்சிகளில் எனக்கு உடன்பாடில்லை. 2011-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-ல் உள்ளே சத்தம் வராதபடி அவ்வளவு இறுக்கமாக அடைத்துவிட்டு, இன்ஜின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக ஒலிக்கவிட்டார்கள். சன்னலைச் சாத்திவிட்டுக் குயில் சத்தத்தை ஒலிநாடாவில் போடுவது போன்றது அது. ஹூண்டாயின் ஐயானிக் 5 என் என்ற மின்சார காரில், இல்லாத கியரை இருப்பதுபோல் காட்டும் வசதி உண்டு. அதைக் கேட்டதும் இதுவும் பொய்தானே என்று நினைத்தேன். ஆனால் அங்கே நாம் கியர் மாற்றாவிட்டால் வண்டி உண்மையிலேயே அதற்குமேல் இழுக்காது. ஓட்டுபவர் செய்வதற்கும் வண்டி செய்வதற்கும் அங்கே தொடர்பு இருக்கிறது. அதனால் அதை என்னால் மதிக்க முடிகிறது.

நான் முழு மனதோடு பாராட்டுவது டொயோட்டாவில் டெட்சுயா தாடா தலைமையில் செய்த 86 காரை. 2012-ல் வந்தது. 200 குதிரைத்திறன்தான். அதற்கு வேண்டுமென்றே 215 மில்லிமீட்டர் டயர், அதுவும் பிரியஸ் ஹைபிரிட் காரில் போட்ட அதே ரகத்தைப் போட்டார்கள். பிடி குறைவாக இருந்தால் வண்டி சீக்கிரம் பேசும், மிதமான வேகத்திலேயே ஓட்டுபவருக்குப் பாடம் கிடைக்கும் என்பதுதான் யோசனை. மற்றவர்கள் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒரு முடிவெடுக்கத் தைரியம் வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரும் இந்த வழிதான். 1989-ல் தொடங்கி இன்றுவரை ஒரு டன்னை ஒட்டியே எடையை வைத்திருக்கிறார்கள். குதிரையும் ஆளும் ஓருடலாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ‘ஜின்பா இத்தாய்’ என்று ஒரு ஜப்பானியத் தொடரை அதற்குக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். 2016-ல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இந்த மாதிரி வண்டிக்கு ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதே முர்ரே இப்போது டி.50 என்று ஒரு வண்டி செய்திருக்கிறார். ஒரு டன்னுக்கும் குறைவான எடை, கையால் போடும் ஆறு கியர், நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை ஏறும் வி12 இன்ஜின். அற்புதமான வேலை. ஆனால் மொத்தம் நூறு வண்டிதான், ஒன்றின் விலை 20 லட்சம் பவுண்டுக்கு மேல். எளிமை இவ்வளவு விலையேறிய சரக்காகிவிட்டது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார்கள் அளவுக்கு மீறி மெருகேறிவிட்டனவா என்று கேட்டால், பெரும்பாலானவை அப்படித்தான் ஆகிவிட்டன என்பதே என் பதில். காரணம் மெத்தென்ற சீட்டோ ஏசியோ இல்லை. எடை, டயர் அகலம், வடிகட்டிய ஸ்டியரிங் ஆகிய மூன்றும் சேர்ந்து, மனிதர் போகக்கூடிய வேகத்தில் வண்டியை ஊமையாக்கிவிட்டன.

எம்எக்ஸ்-5 நம் ஊரில் விற்பனைக்கு இல்லை. 911 வாங்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆனால் பையனிடம் சொன்ன சோதனையை நீங்கள் எந்தக் காரிலும் செய்து பார்க்கலாம். அடுத்து கார் வாங்கப் போகும்போது, ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி நடமாட்டம் இல்லாத அகலமான வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கை இறுக்காமல் பிடித்துத் திருப்புங்கள். திருப்பத் திருப்பக் கனம் ஏறுகிறதா, பிடியைத் தளர்த்தினால் தானாக நேராகிறதா, தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடம் விரலுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். எதுவுமே தெரியவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வண்டி காட்டச் சொல்லுங்கள்.